கஷ்டத்தில்தான் குணம் தெரியும் என்பது பொய்

8 டிசம்பர் 2024, ஞாயிறு இரவு 10.50

ஒரு வாரமாக டீக்கடை, ரேஷன் கடை, என் கடை, எங்கே போனாலும் இதே வசனம். "கஷ்டத்துலதாங்க மனுஷன் குணம் தெரியும்." சொல்கிறவர் உடனே யாரையோ மனசில் வைத்துக்கொண்டு உதட்டைப் பிதுக்குகிறார். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. என் கட்சி இதுதான்: கஷ்டத்தில் தெரிவது அன்றைக்குக் கையில் என்ன இருந்தது, வயிற்றில் எவ்வளவு பயம் இருந்தது என்பது மட்டுமே. அதை வைத்து ஒருத்தருக்குச் சான்றிதழ் எழுதக் கூடாது.

ஆதாரம் எங்கள் தெருவிலேயே இருக்கிறது. பெண்ணையாற்றுக்குப் பக்கம், கடலூர். தெருப் பேர் வேண்டாம். இங்கே ஒரு மைக்செட் அண்ணன். கல்யாணம், காதுகுத்து, தீமிதிக்கு லைட்டும் குழாயும் கட்டுகிறவர். 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கரை கடந்து போனபோது எங்கள் தெருவில் ஒரு கம்பம்கூட நேராக நிற்கவில்லை. பொங்கலை ஒட்டித்தான் கரண்ட் வந்தது. ஜெனரேட்டர் வைத்திருந்தது அவர் ஒருத்தர்தான். வாசலில் பெஞ்சு போட்டு, பிளக் பாயின்ட் அடித்த பலகையை அதன்மேல் சாத்தி, செல்போன் சார்ஜ் போட ஒரு போனுக்குப் பத்து ரூபாய் வாங்கினார். பக்கத்தில் ஒரு நோட்டு, அதில் பேர், நேரம், காசு. துபாயில் இருக்கும் மகனிடம் "நல்லாத்தான் இருக்கோம்" என்று சொல்ல வந்த பாட்டியிடமும் பத்து ரூபாய். தெரு அவருக்குக் 'கரண்டு கந்துவட்டி' என்று பேர் வைத்தது. வைத்ததில் நானும் உண்டு.

அதே ஆள் போன திங்கட்கிழமை சாத்தனூர் அணைத் தண்ணீர் ஆற்றை மீறி தெருவுக்குள் வந்தபோது நாலு குடும்பத்துக்கு மாடியைத் திறந்துவிட்டார். மழை விட்டுப் போன பிறகு வந்த வெள்ளம் இது, யாருமே தயாராக இல்லை. என் அம்மாவுக்கு 78 வயசு. அவளுக்குத் தன் கட்டிலைக் கொடுத்துவிட்டு அவர் மாடிப்படியில் படுத்தார்.

இப்போது சொல்லுங்கள், எது அவர் குணம்? 2011-ஆ, 2024-ஆ?

9 டிசம்பர், காலை 6.15

நேற்று போட்ட குறிப்புக்குக் கீழே பண்ருட்டித் தம்பி ஒருவர் கேட்டது நியாயம்: "நடுவுல பதிமூணு வருஷம் இருக்குதே அண்ணே, திருந்தியிருக்கலாம் இல்ல?"

திருந்தவில்லை தம்பி. அதைத்தான் நேற்று எழுதாமல் விட்டேன். கதை நன்றாக நிற்கட்டும் என்றுதான் விட்டேன், ஒப்புக்கொள்கிறேன்.

வியாழக்கிழமை தண்ணீர் வடிந்து நாங்கள் கீழே இறங்கும்போது வீட்டுக்கொரு சீட்டுக் கொடுத்தார். தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம். சிலிண்டர் 830, ஐந்து வீடு, வீட்டுக்கு 166. தண்ணீர் கேன் ஆறு, 240, வீட்டுக்கு 48. பால் 135, வீட்டுக்கு 27. அரிசி அவரவர் கொண்டுவந்தது, கணக்கில் இல்லை. ஆக 241 ரூபாய்.

என் மனைவிக்கு முகம் சிவந்துவிட்டது. "உசுரைக் காப்பாத்திட்டு பில்லு போடுறாரு பாருங்க" என்று படியிறங்கும்போதே முணுமுணுத்தாள். அம்மா அலட்டிக்கொள்ளவில்லை. சுருக்குப் பையிலிருந்து ஈர நோட்டுகளை எண்ணி 240 கொடுத்து, "ஒரு ரூபா சில்லறை இல்லப்பா" என்றாள். அவர் சீட்டை வாங்கி '1 பாக்கி' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். சத்தியமாக எழுதினார்.

9 டிசம்பர், இரவு 11.30

வெள்ளத்தில் முங்கிய மோட்டாரை என்ன செய்வது என்ற கேள்வியை யாரோ இங்கே கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். நான் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன் என்று எப்போதோ எழுதியது நினைவிருக்கிறது போல. பரவாயில்லை, இந்த வாரம் இது உபயோகம்தான்.

முதல் விஷயம், ஓடுகிறதா என்று சுவிட்ச் போட்டுப் பார்க்காதீர்கள். வெள்ளத்தில் நனைந்து செத்த மோட்டாரைவிட, 'பார்ப்போமே' என்று போட்டுப் பார்த்துச் செத்த மோட்டார்தான் என் கடைக்கு அதிகம் வருகிறது. மெயினை அணைத்து, ஒயரைக் கழற்றி, மூடியைத் திறந்து, சேற்றை நல்ல தண்ணீரிலேயே கழுவுங்கள். தண்ணீரில் கிடந்ததைத் தண்ணீரில் கழுவப் பயப்பட வேண்டாம், சேறு உள்ளே காய்ந்தால்தான் வம்பு. பிறகு இரண்டு மூன்று நாள் வெயில். வெயில் இல்லையா, அட்டைப் பெட்டிக்குள் வைத்து நூறு வாட்ஸ் குண்டு பல்பை எரியவிடுங்கள். அட்டையில் பல்பு படக் கூடாது, ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். காய்ந்த பிறகு மெக்கர், அதாவது இன்சுலேஷன் பார்க்கிற மீட்டர், வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு மெகா ஓமாவது காட்டினால் பிழைத்தது. பேரிங் மாற்றிவிடுங்கள், துரு இன்றைக்குத் தெரியாது, இரண்டு மாசம் கழித்துக் கத்தும். கப்பாசிட்டரும் புதுசு போடுங்கள். தாழங்குடா பக்கம் உப்புத்தண்ணீர் ஏறியிருந்தால் அவசரம், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

கடையில் இப்போது அரை ஹெச்.பி. மோனோபிளாக் பம்பு பதினேழு, கிரைண்டர் மோட்டார் நாலு, தையல் மெஷின் மோட்டார் ஒன்று. வரிசையில்தான் வரும். "நம்ம ஆளு, முதல்ல முடிச்சுக் கொடு" என்கிறவர்களின் குணம் மட்டும் கஷ்டத்தில் நன்றாகவே தெரிகிறது.

10 டிசம்பர்

இல்லை, மோட்டாரைக் காயவைப்பதையும் மனசைக் காயவைப்பதையும் நான் ஒப்பிடப் போவதில்லை. மூன்று பேர் அதை எனக்காக எழுதிவிட்டார்கள். மோட்டார் மோட்டார்தான்.

11 டிசம்பர், மதியம், கடையில் கரண்ட் இல்லை

புதுச்சேரி அக்கா நீளமாக எழுதியிருக்கிறார். முதலில் வம்பு: வெள்ள நிவாரணம் எல்லைக்கு அந்தப் பக்கம் ரேஷன் கார்டுக்கு 5,000, இந்தப் பக்கம் 2,000. ஆற்றுத் தண்ணீருக்கு அந்த எல்லை தெரியவில்லை, பாகூரிலும் ஏறியது, இங்கேயும் ஏறியது. அக்கா, நீங்கள் எதை எழுதினாலும் 3,000 ரூபாய் தெம்பு கூடுதலாக இருக்கும் என்று வைத்துத்தான் படிப்பேன்.

அவர் சொல்வது: குணம் என்று தனியாக ஒன்று கிடையாது, பழக்கம்தான் உண்டு. தினம் வாசல் தெளிக்கிறவளுக்குப் புயல் அன்றைக்கும் கை துடைப்பத்துக்குத்தான் போகும். மைக்செட் அண்ணனுக்கு அது நோட்டுக்குப் போகிறது.

நல்ல அடி. அப்படிப் பார்த்தால் 2011-க்கும் 2024-க்கும் முரண்பாடே இல்லை, முதல் நாள் நான் போட்ட கேள்வியே கோணல். அவர் இரண்டு தடவையும் ஒரே வேலையைத்தான் செய்தார்: இருப்பதைத் திறந்துவைத்தார், கணக்கும் எழுதினார். டீசல் அன்றைக்கு லிட்டர் நாற்பது ரூபாய்ச் சொச்சம், அந்த ஜெனரேட்டர் மணிக்கு ஒன்றரை லிட்டராவது குடிக்கும். பத்துப் போன் சார்ஜ் ஏற இரண்டு மணி நேரம். மிச்சம் எங்கே இருக்கிறது? காயில் கட்டுகிறவன் நான், இந்தக் கூட்டல் எனக்கு அன்றைக்கே வந்திருக்க வேண்டும். பேர் வைக்கிற ருசியில் வரவில்லை.

இன்னொருவர் வடலூரைக் கொண்டுவந்தார். 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை, வருகிறவனை ஊர் பேர் கேட்காமல் சோறு போடுகிறார்கள், அது உதவி, சீட்டுக் கொடுப்பது வியாபாரம் என்கிறார். தருமசாலையில் நானும் சாப்பிட்டிருக்கிறேன். இருபத்திரண்டு வயசில், கடை வைக்கு முன்னால், கையில் பஸ்ஸுக்கு மட்டும் காசு இருந்த ஒரு மத்தியானம். வரிசையில் உட்கார்ந்தேன், யாரும் என்னைப் பார்க்கவில்லை, தின்றேன், கை கழுவினேன், போனேன். உறுத்தவே இல்லை.

அதை இன்றைக்கு யோசித்தால், உறுத்தாததற்குக் காரணம் அங்கே பக்கத்து வீட்டுக்காரன் யாரும் இல்லை. சோறு போட்டவரை நாளைக் காலை பால் வாங்கப் போகும்போது பார்க்க வேண்டியதில்லை. தெருவில் அப்படி இல்லை. சும்மா வாங்கியது தெருமுனை வரை கூடவே நடந்து வரும்.

12 டிசம்பர், மறுபடி மழை, கடை திறக்கவில்லை

நேற்றைய குறிப்பை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பெரிய தப்பு. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னாள்:

"எல்லார்கிட்டயும் பத்து ரூபா வாங்கினான்னு எழுதியிருக்கியே. தையக்காரி வீட்டுக்கு ஒயர் போட்டுக் கொடுத்தானே, அதை எழுதினியா?"

எனக்குத் தெரியாது. தெருக்கோடியில் ஓட்டு வீட்டில் ஒரு தையல் அக்கா இருந்தார். புருஷன் இல்லை, ஒரு பெண். அந்தப் பெண் அந்த வருஷம் பத்தாவது. சாயந்திரம் ஏழிலிருந்து ஒன்பது வரை அந்த வீட்டுக்கு ஒரு பல்பு எரிந்திருக்கிறது. முன்பக்கம் இழுத்தால் தெரு முழுக்கக் கேட்கும் என்று பின்சந்து வழியாக, குளியலறைச் சுவர் மேல் ஒயரை விட்டிருக்கிறார்.

"காசு?"

"காசு எங்க இருக்கு அவகிட்ட. அவன் பொண்டாட்டிக்கு ரெண்டு ஜாக்கெட் தச்சுக் கொடுத்தா."

அதையும் அந்த நோட்டில் எழுதியிருப்பார் என்றேன். "எழுதட்டுமே. அவ அந்த வீட்டு வாசல்ல தலை நிமிந்துதான் போனா" என்றாள் அம்மா.

வடலூர்க்காரருக்கு நான் நேற்று நாலு பாரா எழுதியதை அம்மா ஒரு வரியில் முடித்துவிட்டாள். 241 ரூபாய்ச் சீட்டு பற்றி என் மனைவியிடமும் பேசினேன். அவள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் நேற்று அந்த வீட்டில் போய் இட்லிப் பானை கடன் வாங்கி வந்திருக்கிறாள். கணக்குத் தீராமல் இருந்திருந்தால் போயிருப்பாளா?

12 டிசம்பர், இரவு 1.20

தூக்கம் வரவில்லை.

அம்மா மத்தியானம் இன்னொன்றும் சொன்னாள். அதை விட்டுவிட்டுத்தான் மேலே உள்ளதைப் போட்டேன். மறுபடியும் அதே வேலை.

அந்த அக்கா முதலில் தட்டியது எங்கள் வீட்டுக் கதவை. புயலுக்கு மூன்றாவது நாளோ நாலாவது நாளோ. மெழுகுவத்தி கடலூர் முழுக்கக் கிடைக்கவில்லை, கிடைத்த கடையில் விலை மூன்று மடங்கு. நான் முதுநகர் வரை சைக்கிளில் போய் இரண்டு டஜன் வாங்கி வந்திருந்தேன். வாசலில் நின்று, "தம்பி, ஒரு மெழுகுவத்தி இருந்தா குடுங்க, புள்ள படிக்கணும்" என்றார். "இல்லக்கா, எங்களுக்கே இல்ல" என்றேன். பெட்டி எனக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. அட்டைப் பெட்டி, சிவப்பு எழுத்து.

பயம்தான். கரண்ட் எப்போது வரும் என்று தெரியாது, வீட்டில் அப்போது கைக்குழந்தை. முதல் நாள் நான் எழுதிய வாதம் எனக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருக்கிறது பாருங்கள். கையில் என்ன இருந்தது, வயிற்றில் எவ்வளவு பயம் இருந்தது, அதை வைத்துச் சான்றிதழ் எழுதக் கூடாது.

அந்த மெழுகுவத்தி வீணாகவும் போகவில்லை. 2012 முழுக்க மின்வெட்டு, நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் பதினாலு மணி நேரம் என்று போனதே, அப்போது ஒவ்வொன்றாகக் கொளுத்தினோம். கொளுத்தும்போது எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை. அதையும் எழுதிவிட வேண்டும்.

13 டிசம்பர்

கார்த்திகை தீபம். வாசலில் இன்னும் வண்டல் நாற்றம். அம்மா அகலுக்குப் பதிலாக மெழுகுவத்தி வைக்கலாமா என்று கேட்டாள். வேண்டுமென்றே கேட்டாளா என்று தெரியவில்லை.

15 டிசம்பர், ஞாயிறு

ஆறுதல் சொன்ன எல்லோருக்கும்: ஆறுதலுக்காக எழுதவில்லை. "நீங்க நல்லவர்தான், இல்லேன்னா இதை எழுதுவீங்களா" என்று ஒருவர். எழுதுவதற்குச் செலவே இல்லை ஐயா. மெழுகுவத்தி அன்றைக்குப் பதினைந்து ரூபாய்.

பண்ருட்டித் தம்பி கோபமாக வந்திருக்கிறார். "அப்ப கஷ்டத்துல குணம் தெரியத்தான் செய்யுது, உங்க தலைப்பே தப்பு" என்கிறார். அவர் அப்பா கதை முன்பே எழுதியிருந்தார்: தானே புயல் ஒரே ராத்திரியில் தோப்பை வேரோடு சாய்த்துவிட்டுப் போனது, தாத்தா வைத்த பலா மரம் உட்பட. அப்பா ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை. அந்த வாரத்தைப் பார்த்தவர்கள் 'மனுஷன் உடஞ்சுட்டான்' என்று தீர்ப்பு எழுதினார்கள். பிறகு ஒட்டு முந்திரிக் கன்று வாங்கி நட்டார். நாலாம் வருஷம் காய்த்தது. பலாவும் வைத்தார், தனக்கு இல்லை, பேரப்பிள்ளைக்கு என்று.

தம்பி, உங்கள் அப்பாவின் குணம் அந்த ஒரு வாரமா? நீங்களே ஒப்புக்கொள்ள மாட்டீர்கள். அவருக்கு நாலு வருஷம் கொடுக்கிறோம், மைக்செட் அண்ணனுக்குப் பதிமூன்று வருஷம் கொடுக்கிறோம். எனக்கும் அந்தக் கணக்கில் கொஞ்சம் கேட்கலாமா என்று பார்க்கிறேன். ஆனால் அவர்கள் அந்த வருஷங்களில் ஏதோ செய்தார்கள். நான் காயில் கட்டினேன், அவ்வளவுதான்.

தலைப்பை மாற்றலாம் என்றால் இந்தத் தளம் மாற்ற விடமாட்டேன் என்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

19 டிசம்பர்

சும்மா ஒன்று. இன்றைக்கு வண்டிப்பாளையம் பக்கம் ஒரு மோட்டார் மாட்டப் போனேன். வழியில் கரையேறவிட்டகுப்பம். அப்பரைக் கல்லில் கட்டிக் கடலில் போட, அந்தக் கல்லே தெப்பமாகி இங்கே கரை சேர்ந்தார் என்பது ஊர் ஐதீகம். மோட்டார்க்காரப் பெரியவர் சொன்னார், "கல்லே மிதந்த ஊருப்பா இது, நம்ம மோட்டாரு ஏன் முங்குச்சு?" பதில் இல்லை. கூலி மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

26 டிசம்பர், சுனாமி வந்து இருபதாவது வருஷம்

காலையில் தேவனாம்பட்டினம் போய் நின்றுவிட்டு வந்தேன். கடலில் பால் ஊற்றினார்கள், பூப் போட்டார்கள். நான் தள்ளித்தான் நின்றேன்.

2004-இல் அது ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வீடு உள்ளே தள்ளி, தண்ணீர் வரவில்லை. மூன்றாம் நாள் நானும் நாலு பேரும் வீடு வீடாகத் துணி சேர்த்து இரண்டு மூட்டை கட்டிக்கொண்டு போனோம். பெருமையாகத்தான் போனேன், பொய் சொல்வானேன். ஒரு அம்மா, ஐம்பது வயசு இருக்கும், மூட்டையைப் பிரிக்கக்கூட விடவில்லை. "பழசு வேணாம் தம்பி. நாங்க பிச்சை எடுக்கல, கடல்ல தொழில் பண்றவங்க. வலைக்கு வழி இருந்தா சொல்லுங்க." ரோட்டோரம் ஏற்கெனவே துணி மலையாகக் கிடந்தது, வெளியூரிலிருந்து லாரியில் வந்து கொட்டியது. கிழிந்த சுடிதார், பட்டன் இல்லாத சட்டை. நாய் படுத்திருந்தது.

திரும்பி வரும்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இவ்வளவு நடந்தும் திமிர் போகல பாரு." கூட வந்தவர்களும் தலையாட்டினார்கள். வீடு போய், ஆள் போய், அந்த அம்மாவுக்கு மிச்சம் இருந்த ஒன்றை நான் திமிர் என்று படித்தேன். ஏழு வருஷம் கழித்து, டீசலுக்குக் காசு கேட்டவரைக் கந்துவட்டி என்று படித்தேன். புதுச்சேரி அக்கா சொன்ன பழக்கம் எனக்கு எதில் என்று இப்போது தெரிகிறது. என் கை பேர் வைக்கப் போகிறது.

28 டிசம்பர், சனி இரவு

9-ஆம் தேதி எழுதிய பட்டியலில் தையல் மெஷின் மோட்டார் ஒன்று இருந்தது. யாரும் கவனிக்கவில்லை. அது அந்த அக்காவுடையது. டிசம்பர் 6-ஆம் தேதி பையில் சுற்றிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். தினமும் காலையில் ஷட்டரைத் தூக்கியதும் கண்ணில் படுகிற அலமாரியில் அது இருந்தது. இந்த இழையே அதனால்தான் ஆரம்பித்தது. மற்ற மோட்டார் எல்லாம் அவரவர் வீட்டுக்குப் போன பிறகும் அதை மட்டும் தொடாமல் வைத்திருந்தேன்.

வியாழன் ராத்திரி உட்கார்ந்து முடித்தேன். ஆர்மேச்சர் பிழைத்திருந்தது, கார்பன் பிரஷ்தான் போயிருந்தது. இன்றைக்கு வந்தார். மகள் திண்டிவனத்தில் டீச்சராம், போனில் போட்டோ காட்டினார்.

எவ்வளவு என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. அம்மா சொன்ன 'தலை நிமிந்து' ஞாபகம் வந்தது. பிரஷ் ஜோடி 60, கூலி 150 என்றேன்.

"போன தடவ நூத்தி இருபதுதானே வாங்குனீங்க கூலி?"

"அது நாலு வருஷம் முன்னாடிக்கா."

"நூத்தி எண்பது வாங்கிக்கங்க எல்லாம் சேத்து."

வாங்கிக்கொண்டேன். ஓட்டிக் காட்டச் சொன்னார். ஓட்டிக் காட்டினேன். பையில் வைக்கும்போது சொல்லிவிட்டேன், தானே புயல், மெழுகுவத்தி, பெட்டி அலமாரியில் இருந்தது, எல்லாம். கோர்வையாக வரவில்லை.

அக்கா புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். "மெழுகுவத்தியா? நான் தீப்பெட்டி இல்ல கேக்க வந்தேன். குடுத்தீங்களே." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "பெல்ட்டு லூசா இருந்தா மறுபடி வருவேன், அதுக்குக் காசு கேக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நிஜமாகவே மறந்துவிட்டாரா, என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படிச் சொன்னாரா? வீட்டுக்கு வந்ததும் அம்மாவைக் கேட்டேன்.

"தீப்பெட்டியும்தான் கேட்டா" என்றாள்.

"அதைக் குடுத்தேனா?"

"அது ஞாபகம் இல்லடா."